அமிகா 500 சாம்பிளர்: குரல் பதிவில் "ச" வரும் இடமெல்லாம் விசில் அடிக்கிறது

பழையபெட்டி:
வணக்கம். என்னிடம் 512 கேபி ரேம் உள்ள அமிகா 500 (பழைய வீட்டுக் கணினி, பிஏஎல் டிவி முறைக்கானது) இருக்கிறது. பேரலல் போர்ட்டில் செருகி வெளி ஒலியைக் கணினிக்குள் பதிவுசெய்கிற சாம்பிளர் ஒன்று பழைய சாமான்களோடு கிடைத்தது, மேலே பெயர் எதுவும் இல்லை, திறந்து பார்த்தால் ஒலியை எண்ணாக மாற்றும் ஏடிசி0804 சிப், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு வால்யூம் திருகு, அவ்வளவுதான். பாட்டியின் குரல் ஒரு கேசட்டில் இருக்கிறது. அதில் நாலைந்து சொற்களை எடுத்துப் புரோட்டிராக்கரில் (அமிகாவில் பாட்டு அமைக்கும் மென்பொருள்) ஒரு பாட்டுக்குள் வைக்க ரொம்ப நாள் ஆசை. 16,574 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அத்தனை அளவுகளாக, எடுத்தேன். "ச" வரும் இடமெல்லாம் விசில், அவர் மெதுவாகப் பேசும் இடத்தில் மணல் கொட்டுகிற மாதிரி இரைச்சல். அமிகாவின் பவர் விளக்கு ஃபில்டரை (கீச்சென்ற ஒலியைக் குறைப்பது, விளக்கின் வெளிச்சம் அதைக் காட்டும்) போட்டும் போகவில்லை. சாம்பிளரை மாற்ற வேண்டுமா?

ஈயப்பற்று:
விளக்கு ஃபில்டர் அமிகாவின் ஒலிச் சிப்பான பவுலாவிலிருந்து வெளியே வரும் ஒலிக்குத்தான், பதிவிலேயே ஏறிவிட்ட விசிலை அது எடுக்காது. எடுக்கும் வேகத்தில் பாதிக்கு மேலே உள்ள ஒலி காணாமல் போவதில்லை, மடிந்து கீழே வந்து விழுகிறது, நீங்கள் கேட்பது அதுதான். அதோடு 0804 ஒரு அளவெடுக்க ஏறக்குறைய 100 மைக்ரோசெகண்ட் எடுத்துக்கொள்ளும், அதாவது நொடிக்கு 10,000 தாண்டுவதே கஷ்டம். நீங்கள் 16,574 கேட்டால் பழைய மதிப்பையே திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள்.

இப்போதைக்கு 8,287-இல் எடுங்கள். கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், அப்புறம் கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள், 3,400 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து இறங்க ஆரம்பிக்கும். சரிவு மென்மையானதுதான், ஆனாலும் வித்தியாசம் தெரியும். பிறகு ஏடிசி0820-க்கு மாறுங்கள், அது இரண்டு மைக்ரோசெகண்ட் அளவில் முடித்துவிடும். இரண்டுக்கும் 20 கால்தான், ஆனால் கால் வரிசை வேறு, அதே சாக்கெட்டில் செருகிவிடாதீர்கள்.

நாலுசேனல்:
விசிலுக்கு அவர் சொன்னதுதான். மணல் இரைச்சல் வேறு விஷயம். 8 பிட் என்றால் மொத்தம் 256 படி. பாட்டி மெதுவாகப் பேசும்போது அதில் 16 படிதான் ஆடுகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 4 பிட் பதிவு, பிறகு மென்பொருளில் சத்தத்தை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். நான் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுப்பேன், அந்தச் சொல்லின் உரத்த இடம் உச்சியில் வெட்டுப்படுவதற்குச் சற்று முன்புவரை திருகைக் கூட்டி. 8,287-இல் இரண்டு நொடிக்கு 17 கேபிகூட ஆகாது, அதனால் இடத்துக்குப் பயப்பட வேண்டாம்.

ஈயப்பற்று:
ஒன்று விட்டுப்போனது. மெஷின் ஓடும்போது பேரலல் போர்ட்டில் எதையும் செருகவோ உருவவோ வேண்டாம். அந்தக் கம்பிகள் நேராகப் போர்ட்டைக் கவனிக்கும் 8520 சிஐஏ சிப்புக்குப் போகின்றன, அது போனால் மாற்றுக்கு அலைய வேண்டும். இதே சாம்பிளரை அமிகா 1000-இலும் செருகாதீர்கள், அதில் 5 வோல்ட் வரும் பின் வேறு.

பழையபெட்டி:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்து, சொல் சொல்லாகத் திருகைச் சரிசெய்து 8,287-இல் எடுத்தேன். கொஞ்சம் மழுங்கல்தான், ஆனால் விசில் கிட்டத்தட்ட இல்லை, "சாப்பிட்டியா" என்று அவர் கேட்பது அவர் கேட்பதாகவே இருக்கிறது. 0820 வாங்கியதும் அதே சொல்லை 16,574-இல் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.