குடும்பக் குழுவில்: கயலின் கிளாரினெட் படிப்பு

அம்மா: அண்ணி, கிளாரினெட் வாசிப்பையே முதன்மைப் பாடமாக எடுத்து இசைப் பட்டம் படிக்க வேண்டும் என்று கயல் உறுதியாக இருக்கிறாள். நீங்களும் அதையே படித்தவர் என்பதால், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லுங்கள்.

அத்தை: மிகவும் மகிழ்ச்சி. பல்கலைக்கழகத்தின் பெயரை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கே கிளாரினெட் கற்றுக்கொடுப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். இசைக் கோட்பாடு, செவிப்பயிற்சி, இசை வரலாறு எல்லாம் ஏறக்குறைய எங்கும் இருக்கும். ஆனால் வாரந்தோறும் ஆசிரியரும் மாணவியும் மட்டும் அமரும் தனி வகுப்புதான் இந்தப் படிப்பின் உயிர். படித்து முடிக்கும் வரை யாருடைய காதுக்கு முன்னால் வாசிக்கிறோமோ, அதைப் பொறுத்தே நம் நாதம் அமைகிறது.

அப்பா: அக்கா, அவர் நல்ல ஆசிரியரா என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

அத்தை: தம்பி, விண்ணப்பிக்கும் முன்பே ஒரு மாதிரி வகுப்பு கேட்கலாம், பலர் மனமுவந்து தருவார்கள். கிளாரினெட்டின் நடுப்பகுதியில் உள்ள தொண்டைச் சுரங்களுக்குத் துளைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அங்கிருந்து ஒரு படி மேலே போனால் ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே கணத்தில் இறங்கித் துளைகளை மூட வேண்டும், ஒரு விரல் பிந்தினாலும் கருவி கீச்சிடும். அந்த இடத்தில் கயல் தடுமாறும்போது, இன்னும் பயிற்சி செய் என்று மட்டும் சொல்லி நகர்பவர் வேண்டாம். வலது கை விரல்களை முன்கூட்டியே மூடி வைத்துக்கொள், காற்றை இடையில் தளரவிடாதே என்று வழி காட்டுபவரிடம் தயங்காமல் சேரட்டும்.

கயல்: அத்தை, நுழைவுத் தேர்வுக்கு மோசார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவில் முதல் பகுதியைக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் பி பிளாட் கிளாரினெட் மட்டுமே இருக்கிறது.

அத்தை: தனிக் கிளாரினெட்டுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக 1791இல் எழுதப்பட்ட அந்தப் படைப்பை இன்று வழக்கமாக ஏ கிளாரினெட்டில் வாசிப்பார்கள். விரல் வைப்பில் மாற்றம் இல்லை, ஒலி மட்டும் பி பிளாட்டைவிட அரைச் சுரம் கீழே இருக்கும். பி பிளாட்டில் வாசிக்க அனுமதி உண்டா என்று துறைக்கு எழுதிக் கேள். பியானோ துணை உண்டென்றால், பியானோ வாசிப்பவருக்கும் அதே சுருதிக்கு மாற்றிய பிரதி தேவைப்படும். சேர்ந்த பிறகு ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டு கருவிகளுமே வேண்டும்.

அப்பா: படித்து முடித்தபின் வேலை?

அத்தை: மறைக்காமல் சொல்கிறேன். ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் கிளாரினெட்டுக்கு இரண்டு முதல் நான்கு இடங்கள்தான் உண்டு. அதில் ஒன்று காலியானால் ஏராளமானோர் வந்து, தேர்வாளர்கள் முகம் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள். பெரும்பாலோர் கற்பிப்பதையும் கச்சேரி வாசிப்பதையும் சேர்த்தே பிழைப்பை நடத்துகிறார்கள். ஆகவே படிக்கும் காலத்திலேயே அடிக்கடி மேடையேறும் இடம்தான் அவளுக்கு ஏற்றது. மொத்தம் எத்தனை கிளாரினெட் மாணவர்கள், அவர்களில் முதுகலை மாணவர்கள் எத்தனை பேர் என்று கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் பெரிய துறைகளில் முதல் இருக்கை, அதாவது முதன்மை வாசிப்பாளரின் இடம், பெரும்பாலும் முதுகலை மாணவர்களுக்கே போகும், இளங்கலை மாணவி நெடுநாள் காத்திருக்க நேரும். புகழ் குறைந்த சிறிய துறையாக இருந்தாலும், முதல் ஆண்டிலேயே ஆர்க்கெஸ்ட்ராவிலும் காற்றுக்கருவி ஐவர் குழுவிலும் வாசிக்கக் கிடைக்குமானால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

அம்மா: இவள் மணிக்கணக்கில் வாசிக்கிறாள் அண்ணி, கை வலிக்கிறது என்கிறாள்.

அத்தை: கருவியின் எடையை வலது கட்டைவிரல்தான் தாங்குகிறது. கழுத்துப் பட்டை மாட்டிக்கொள்ளட்டும். பயிற்சியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து இடையில் ஓய்வெடுக்கட்டும். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், பொறுத்துக்கொண்டு வாசிக்க விடாதீர்கள்.

கயல்: சரி அத்தை, கட்டைவிரல்தான் வலிக்கிறது. மாதிரி வகுப்பு கேட்டு எழுதும்போது என்ன இணைக்க வேண்டும்?

அத்தை: மெதுவான பகுதி ஒன்று, வேகமான பகுதி ஒன்று, இரண்டையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிவு செய்து அனுப்பு. எந்த சீவாளி, எந்த ஊதுவாய் பயன்படுத்துகிறாய் என்பதையும் குறிப்பிடு.

கயல்: இன்றிரவே எழுதி, அனுப்புவதற்கு முன் உங்களுக்குக் காட்டுகிறேன் அத்தை.