சங்குப்பூ என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை

காட்டுப்பூ பார்த்த கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். நான் முதலில் அதன் மேல் உட்கார்ந்தேன், அப்புறம்தான் பார்த்தேன்.

ஜூன் மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கலிபோர்னியாவில் தாஹோ ஏரிப் பக்கம் கூட்டிப்போனாள். 6,000 அடிக்கு மேலே. கானாடுகாத்தான் செம்மண்ணில் நடந்து பழகிய காலுக்கு ஏற்றம் ஒத்துவரவில்லை. மூச்சு வாங்கியது, ஒரு பைன் மரத்தடிச் சருகில் உட்கார்ந்துவிட்டேன்.

“அப்பச்சி, எந்திரிங்க, பூ மேல உட்கார்ந்திருக்கீங்க!” என்று மகள் கத்தினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தபோதுதான் தெரிந்தது. விரல் உயரச் செடி, நூல் போலத் தண்டு, துவரம்பருப்பு அளவில் பூ. மேலிதழ் வெளுப்பு, கீழிதழ் ஊதா கலந்த நீலம். நடுவில் படகு மாதிரி ஒரு மடிப்பு. முப்பது வருடம் தாவரவியல் எடுத்தவன் சும்மா இருப்பேனா? “சங்குப்பூவோட குட்டிடா” என்று பேரனிடம் அடித்துவிட்டேன்.

உதிர்ந்து கிடந்த ஒன்றைக் கையில் எடுத்ததும் சந்தேகம் வந்தது. சங்குப்பூ என்றால் இதழ்கள் தனித்தனியாகப் பிரியும். இது அடியில் குழலாகச் சேர்ந்து முழுசாக நின்றது. மடிப்பை நகத்தால் விரித்தால் உள்ளே நான்கே மகரந்தத்தாள்கள். சங்குப்பூவில் பத்து இருக்கும். போனில் தேடியதில் பெயர் கொலின்சியா டோரியி, மலை ஊசியிலைக் காட்டுச் செடி. சங்குப்பூ சேர்ந்த பட்டாணிக் குடும்பம் மாதிரி வேஷம் போட்டாலும் உறவு தும்பை வகையறாவோடுதான். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தம் என்று வையுங்கள்.

பிழைப்பும் தும்பையைப் போலத்தான். இங்கே ஐப்பசி மழை விழுந்ததும் தும்பை கிளம்புகிறது. அங்கே மழையின் வேலையைப் பனி உருகிய ஈரம் செய்கிறது. ஈரம் இருக்கும்போதே முளைத்து, பூத்து, விதை போட்டுவிட்டுக் காய்ந்துபோகும். ஒரு வருடம்கூட முழுசாக வாழாது.

கார்த்திகையில் எங்கள் கிணற்றடி முழுக்கத் தும்பை. பேரனை வீடியோவில் கூப்பிட்டு, ஒரு பூவை உருவி, முழுசாக வருவதைக் காட்டினேன். பழக்க தோஷம், அடியை வாயில் வைத்து உறிஞ்சியும் விட்டேன்.

“ஐயா, தாஹோ பூவிலயும் தேன் இருந்துச்சா?”

அன்றைக்கு அது தோன்றவே இல்லை.