மனநல மருத்துவரிடம் போனால் முதலில் எதைச் சொல்வது?

நூல்கண்டு, திருப்பூர்

எனக்கு 26 வயது. ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பிறந்தபோது பெண் குழந்தை என்று எழுதினார்கள். நான் பெண் இல்லை, பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியும் இல்லை. ஆண், பெண் இரண்டிலும் நான் இல்லை என்பது பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரியும். நான்-பைனரி என்ற சொல் கைக்குக் கிடைத்தது மூன்று வருடத்துக்கு முன்புதான்.

ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை அப்படியே கிடக்கிறேன். போன வாரம் பையருக்கு அனுப்பிய சாம்பிளில் எம் சைஸும் எல் சைஸும் மாறிப் போய்விட்டது. சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். வீட்டில் ஜாதகம் வெளியே எடுத்துவிட்டார்கள்.

போன ஆடியில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். அம்மா வெளியே உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மருத்துவர் மணியடித்து அம்மாவை உள்ளே கூப்பிட்டார். நான் அதுவரை அம்மாவிடம் சொல்லாததை அவரே சொன்னார். "ஒரு கல்யாணம் பண்ணி வைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதித் தந்த மாத்திரையைப் பன்னிரண்டு நாள் போட்டேன், அப்புறம் நிறுத்திவிட்டேன்.

அம்மா என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் மகனுக்கும் அதுதான், மகளுக்கும் அதுதான். வீட்டில் என்னைக் குத்தாத ஒரே சொல் அது. அந்த நாளுக்குப் பிறகு பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

மறுபடி ஒருவரிடம் போனால் தூக்கத்தை மட்டும் சொன்னால் போதுமா? பாலினத்தைச் சொன்னால் அதையே நோய் என்று எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அவர் எதற்குத்தான் மருந்து கொடுப்பார்?

வைகைக்கரை, மதுரை

தோழர், இந்தச் சொல்லில் ஆண் பெண் இல்லை, அதனால் இப்படியே கூப்பிடுகிறேன். நான் திருநம்பி, 38 வயது.

முதலில் ஒன்று கேட்கிறேன். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். ஒரு மார்கழி இரவில் நானும் கூப்பிட்டிருக்கிறேன். ரொம்ப நேரம் எனக்குக் குரலே வரவில்லை. எதிர்முனையில் இருந்த பெண் வைத்துவிடவில்லை. "இருக்கேன், மெதுவா சொல்லுங்க" என்றார்.

அந்த மருத்துவர் செய்தது தவறு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. அம்மாவே ஆனாலும் உங்களைக் கேட்காமல் சொல்லியிருக்கக் கூடாது. கல்யாணம் செய்தால் மாறிவிடும் என்பதும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த தீர்ப்பு, பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்றப் பார்ப்பதற்குத் தடை போட்டது. தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று சொல்லி, அவரே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நீதிபதி அப்படி உட்கார்ந்தார் என்று படித்த அன்று நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அழுதேன். அடுத்த வருடமே தேசிய மருத்துவ ஆணையம் அப்படி மாற்றப் பார்ப்பதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில் நம்மைப் போன்றவர்களின் பாலின அடையாளத்தை மனநோய்களின் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது.

என் கருத்து, முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எனக்கு மூன்றாவதாகத்தான் நல்ல மருத்துவர் கிடைத்தார். அவருடைய முதல் கேள்வியே "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்பதுதான். அதிலேயே ஆளைத் தெரிந்துவிட்டது.

சமூகப் பணியாளர்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். வைகைக்கரை சொன்னதில் ஒன்றை மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். ஒருமுறை சூடுபட்டவர் முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தூக்கத்தில் தொடங்குங்கள், அழுகையைச் சொல்லுங்கள். அப்புறம், "இன்னொன்று சொல்ல வேண்டும், நான் சொல்லாமல் வீட்டில் யாருக்கும் போகக்கூடாது, சரியா?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்து மீதியைச் சொல்லலாம். ஆனால் இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்குள் சொல்லிவிடுங்கள். தூக்கம் ஏன் போனது என்று தெரியாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை.

நிறுத்திய மாத்திரையை நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். மீதி அட்டையை எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அதே சட்டத்தின் 14-வது பிரிவின்படி உங்களுக்கான நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் உங்கள் சார்பில் நிற்பவர், யார் என்று நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். 18 வயது நிறைந்த நண்பரோ கூட வேலை செய்பவரோ போதும், அவர் சம்மதித்தால் சரி. எழுதி வைக்காவிட்டால் அந்த இடம் முதலில் உறவினருக்குப் போகும்.

தனியாருக்குக் காசு செலவழிக்க முடியாவிட்டால் காலையிலேயே அரசு மருத்துவமனை ஓ.பி.க்குப் போங்கள். சீட்டும் மாத்திரையும் இலவசம்.

செம்பருத்தி

நான் திருநங்கை. சாமி, அம்மா மனசு மாறட்டும், அப்புறம் வைத்தியம் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. என் அம்மா என்னோடு சோறு சாப்பிட ஒன்பது வருடம் ஆனது. அதற்குள் நான் என்னைப் பார்த்துக்கொண்டதால்தான் அந்த ஒன்பதாவது வருடத்தில் உயிரோடு இருந்தேன்.

நூல்கண்டு, திருப்பூர்

வைகைக்கரை அண்ணா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், இரண்டு முறை தோன்றியது. இங்கே எழுதிய அன்று இரவே 14416-க்குக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பேசினேன். மறுநாள் அவர்களே திரும்ப அழைத்து எப்படி இருக்கிறேன் என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். எங்கள் செக்கிங் டேபிளில் இருக்கும் அக்கா துணைக்கு வந்தார். பிரதிநிதி தாளில் அவர் பெயர்தான், பஸ் ஸ்டாண்டில் வைத்து எழுதினோம். மருத்துவரிடம் தூக்கத்தில் தொடங்கி, அந்த ரகசியக் கேள்வியைக் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொல்ற வரைக்கும் இந்த ரூமைத் தாண்டாது" என்றார். சொல்லிவிட்டேன். அவருக்கு நான்-பைனரி என்றால் என்னவென்று சரியாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லி என்னிடமே கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

அம்மா இன்னும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நேற்று இரவு மேசை மேல் மாத்திரைக் கவரைப் பார்த்தார். எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். பின்னாடி என்றேன். தட்டை எடுத்து வைத்தார்.