மறு: டிரான்ஸ் கொழுப்புக்கு என்ன சொல்?

> வேதியியலில் ‘டிரான்ஸ்’ என்பதற்கு ‘மறுபக்கம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? மறுபக்கக் கொழுப்பு என்றே வைக்கலாம்.

வணக்கம் ஐயா. வகுப்பறைக்கு அது சரி. நாம் தேடுவதோ மதுரையில் சிம்மக்கல், கோரிப்பாளையம் பக்கத்து உணவகங்களுக்குக் கொடுக்கப்போகும் துண்டறிக்கைக்கான சொல். பரோட்டா மாஸ்டர் ‘மறுபக்கம்’ என்று படித்தால் கல்லில் திருப்பிப் போடுவதைத்தான் நினைப்பார். ‘கெட்ட கொழுப்பு’ வேண்டாம்; டாக்டர்கள் அதை ரத்தத்தில் உள்ள எல்டிஎல் கொலஸ்ட்ராலுக்குச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். ‘உறைகொழுப்பு’ என்றால் நெய்யும்தான் உறைகிறது.

என் பரிந்துரை: திரிகொழுப்பு. எண்ணெயில் அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது, வளைந்திருந்த கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் சில நிமிர்ந்துவிடுகின்றன. அவைதான் டிரான்ஸ். நிமிர்ந்தவை நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் வனஸ்பதி கட்டியாக நிற்கிறது. (கடையில் எல்லாமே ‘டால்டா’தான், அது வேறு கதை.) அணுக்கள் அதே, வடிவம்தான் திரிந்தது. பால் கெட்டால் ‘திரிஞ்சு போச்சு’ என்கிறோமே, அந்த எச்சரிக்கையும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

அப்புறம், துண்டறிக்கை வரைவில் இரண்டு விதிகள் ஒரே பத்தியில் குழம்பிக் கிடக்கின்றன. 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும், எண்ணெய் சேர்த்த உணவின் கொழுப்பிலும் தொழிற்சாலையில் உருவான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பஜ்ஜிச் சட்டி எண்ணெய்க்கு 2018இல் வந்தது வேறு வரம்பு: மொத்த முனைவுச் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அது மறுபடி அடுப்பேறக் கூடாது, பயோடீசலுக்குச் சேகரிப்பவர்களிடம் கொடுக்கலாம். முதலாவதில் கடைக்காரர் செய்யக்கூடியது டின் லேபிளைப் பார்த்து வாங்குவது. இரண்டாவது முழுக்க அவர் கையில். தயவுசெய்து பிரித்து எழுதுங்கள்.

-----

> என் பரிந்துரை: திரிகொழுப்பு.

நல்ல சொல்தான் அம்மா, ஒரு தயக்கம் மட்டும். ‘திரி’ என்றதும் விளக்குத்திரி வந்து நிற்கிறது. எண்ணெயிலும் ரத்தத்திலும் இருக்கும் சாதாரணக் கொழுப்பான டிரைகிளிசரைடைத் ‘திரிகிளிசரைடு’ என்று எழுதுபவர்களும் உண்டு. படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். ‘திரிபுக் கொழுப்பு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆட்டுக்கறியிலும் பாலிலும் இயல்பாகவே கொஞ்சம் உண்டே, அதுவும் திரிபா என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் செய்வதும் அதே வேலைதான். ஆனால் விதி அதைத் தொடவில்லை. அதனால் வரம்பைச் சொல்லும் வரியில் ‘தொழிற்சாலைத் திரிபுக் கொழுப்பு’ என்று முழுதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் கறிதோசைக்கே தடை என்று ஊரில் வதந்தி கிளம்பிவிடும்.

முதல் இடத்தில் ‘டிரான்ஸ் ஃபேட் எனும் திரிபுக் கொழுப்பு’ என்றிருக்கட்டும். டின்னில் கடைக்காரர்கள் தேட வேண்டியது அந்த ஆங்கிலப் பெயரைத்தானே.