வீட்டில் கட்டிய காரில் எர்த் கேபிள் கொதிக்கிறது, சூடான பின் ஸ்ராட் ஆவதில்லை

கேள்வி: கோண்டாவில் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். மொறிஸ் மைனரின் 1098 சீசீ எஞ்சினையும் கியர்பொக்ஸையும் எடுத்து, 40 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாயில் நானே வெல்டிங் செய்த செசியின்மேல் பைபர்கிளாஸ் பொடி பொருத்தி, இருவர் இருக்கக்கூடிய ஒரு சிறிய காரைக் கட்டியிருக்கிறேன். ஒல்ரனேற்றர் (பற்றறிக்கு மின்னேற்றும் கருவி) பூட்டியதால், பற்றறியின் நெகற்றிவ் முனை செசியோடு சேரும் நெகற்றிவ் எர்த்தாக மாற்றிவிட்டேன். இடவசதிக்காகப் பற்றறியைப் பின்புறம் வைத்து, அதன் நெகற்றிவ் முனையைப் பக்கத்திலேயே செசியில் பூட்டி, முன்னால் கியர்பொக்ஸ் போல்ற்றிலிருந்து செசிக்கு ஒரு பட்டை வயரை எர்த் கேபிளாகக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் முதல் தடவை கார் ஒழுங்காக ஸ்ராட் ஆகிறது. யாழ்ப்பாணம் நகருக்குப் போய் நிறுத்திவிட்டுத் திரும்பவும் ஸ்ராட் செய்ய முயன்றால், ஸ்ராட்டர் மோட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது. இன்னொரு முறை அழுத்தினால் சொலினொயிட் (ஸ்ராட்டருக்கு மின்னை இணைக்கும் சுவிச்) தட்டும் சத்தம் மட்டுமே கேட்கிறது. அந்நேரம் பட்டை வயரைக் கையால் தொட முடியவில்லை. சோக் கேபிளின் வெளிச்சுருளும் சுடுகிறது. அது எஞ்சின் சூடாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். பெரிய பற்றறி வாங்குவதா, ஸ்ராட்டரைக் கழற்றி உள்ளே கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றக் கொடுப்பதா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சுன்னாகம் கராச்

தம்பி, இரண்டுக்கும் இப்போது காசு செலவழிக்க வேண்டாம். நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன சோக் கேபிளில்தான் விடை இருக்கிறது. ஸ்ராட்டர் மோட்டருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் எஞ்சின் உடம்பின் வழியாகவே பற்றறிக்குத் திரும்ப வேண்டும். எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் மவுன்றிங்கில் இருப்பதால், உங்கள் பட்டை வயரைத் தவிர அதற்கு முறையான வழி வேறில்லை. அந்த வழி அடைபட்டால் மின்னோட்டம் சோக் கேபிள், அக்சிலேற்றர் கேபிள், ஸ்பீடோமீற்றர் கேபிள் என்று உலோகமாக அகப்படும் எதன் வழியாகவும் போகப் பார்க்கும். ஆலையில் செய்த கார் என்றால் இரும்புப் பொடியும் ஓரளவு கைகொடுக்கும். பைபர்கிளாஸில் அந்த உதவியும் கிடையாது.

சூடு எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். வயர் நெடுகிலும் ஒரே அளவில் சுட்டால் வயர் மெல்லியது. ஒரு நுனியில் மட்டும் கடுமையாகச் சுட்டால் அந்த நுனியின் பூட்டில் (இணைப்பில்) கோளாறு. பற்றறியிலிருந்து ஸ்ராட்டருக்கு வரும் பொசிற்றிவ் கேபிளும் சேர்ந்து சுட்டால் மட்டுமே, அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மெச்சர் உரசுகிறதோ என்று ஸ்ராட்டரைச் சந்தேகிக்கலாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தில், கார்பரேற்றரில் சிறிது பெற்றோல் ஊற்றி நீண்ட நேரம் ஸ்ராட்டரைச் சுற்றவிட வேண்டியிருந்தது. பூட்டு நன்றாக இருந்த வண்டி அதையும் தாங்கியது.

என் யோசனை, பற்றறி நெகற்றிவிலிருந்து ஸ்ராட்டர் போல்ற்றுக்கே நேராக ஒரு தடித்த கேபிள் இழுத்துவிடுங்கள்.

பதில்: பருத்தித்துறை வாசகர்

கராச் ஐயா சொன்ன காரணம் சரி. ஆனால் பின்னாலிருந்து முன்னாலே கேபிள் இழுக்க வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரும்பின் மின்தடை செம்பைப் போல எட்டு முதல் பத்து மடங்கு என்பது உண்மை. ஆயினும் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள 40 மில்லிமீற்றர் சதுரக் குழாயின் வெட்டுமுகம் ஏறத்தாழ 440 சதுர மில்லிமீற்றர் என்பதால், அப்படியான ஒரு குழாயே 45 முதல் 55 சதுர மில்லிமீற்றர் செம்புக் கேபிளுக்கு ஈடாகும். செசி போதும், அதில் வயர் பூட்டப்படும் இடங்களைத்தான் நான் நம்பமாட்டேன்.

ஊகிப்பதை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். தீப்பொறிக்கு மின் கொடுக்கும் கொயில் வயரைக் கழற்றி எஞ்சின் பற்றாமல் செய்துவிட்டு, மல்ரிமீற்றரை 20 வோல்ற் டீசீயில் வைத்து, ஒரு முனையைப் பற்றறியின் நெகற்றிவ் தூணிலும் (கிளாம்பில் அல்ல, ஈயத் தூணிலேயே) மற்றதை எஞ்சின் புளொக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்ராட்டரை அழுத்தச் சொல்லுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ற் காட்டினால் நன்று. அரை வோல்ற்றுக்கு மேலே போனால் எர்த் பக்கம் பழுது. பிறகு தூணுக்கும் கிளாம்புக்கும், கிளாம்புக்கும் செசிக்கும், செசிக்கும் பட்டையின் லக்குக்கும் (போல்ற்றில் பூட்ட வயர் நுனியில் இருக்கும் துளையுள்ள தகடு), பட்டையின் மறு நுனிக்கும் புளொக்குக்கும் என்று துண்டு துண்டாக அளந்தால் வோல்ற் எங்கே தொலைகிறது என்பது தெரிந்துவிடும். ஸ்ராட்டர் சுற்றும்போது பற்றறியின் இரு தூண்களுக்கிடையே 9.6 வோல்ற்றுக்குக் குறையாமல் நின்றால் பற்றறியைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று லக்கின் கழுத்து வழியாக உள்ளே இறங்கி, வெளியே பளபளக்கும் வயரின் உள்ளே செம்பைப் பச்சையாக்கிவிடும். சந்தேகமென்றால் உறையைச் சிறிது கீறிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அளந்தேன். தூணிலிருந்து புளொக் வரை 1.1 வோல்ற். அதில் 0.9 வோல்ற் செசிக்கும் பட்டையின் லக்குக்கும் இடையிலேயே நிற்கிறது. பற்றறி 10.4 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவில்லை. செசிக்குப் பவுடர் கோற்றிங் (மின் கடத்தாத பூச்சு) செய்வித்திருந்தேன். அந்த லக் அதன் மேலேயே இருக்கிறது, போல்ற்றின் புரியால் மட்டுமே தொடர்பு.

பதில்: பருத்தித்துறை வாசகர்

அப்படியானால் வேறெங்கும் தேட வேண்டாம். ஸ்ராட்டர் 150 அம்பியர் எடுப்பதாக வைத்தாலும், 0.9 வோல்ற் என்பது 135 வாட் வெப்பம். அத்தனையும் ஒரு போல்ற்றின் புரியில் பிறக்கிறது. சூடேறச் சூடேறத் தடையும் கூடுவதால்தான் காலையில் தப்பியது இரண்டாம் முறை மாட்டுகிறது.

லக் அமரும் வட்டத்தை எமரித்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாசர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வசலின் அல்லது கிறீஸ் பூசுங்கள். பட்டையை 25 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செம்பாக மாற்றுங்கள். வெல்டிங் கேபிள் துண்டு இதற்கு மிக நல்லது. மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்கள் செம்பு முலாமிட்ட அலுமினியம். நுனியை அரத்தால் உராய்ந்தால் வெள்ளை தெரியும், அவற்றை வாங்காதீர்கள்.

பதில்: சுன்னாகம் கராச்

பருத்தித்துறைத் தம்பியின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். கேபிள் இழுக்க வேண்டாம். ஆனால் எஞ்சினுக்கு ஒன்றல்ல, இரண்டு பட்டை போடுங்கள். ஒன்று கியர்பொக்ஸில், மற்றது ஸ்ராட்டர் போல்ற்றில். அந்த வேலை முடியும்வரை ஸ்ராட்டரை அழுத்தவே வேண்டாம், தள்ளி ஸ்ராட் செய்யுங்கள். சோக் கேபிள் போய் முடிவது கார்பரேற்றரில், அதன் பக்கத்தில்தான் பெற்றோல் குழாயும் இருக்கிறது. சூடேறிய அந்தக் கேபிளை உருவி, உள்கம்பி இறுகியிருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.