மறு: மறு: பாஸ்க்யூல் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று இரவு பாஸ்க்யூலுக்கு ‘வில்முதுகு’ என்றே முடிவாகிவிடும் போலத் தெரிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் மொழியறிஞன் இல்லை. பெங்களூரில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் எட்டு வருடம் லாயத்து வேலையும் பயிற்சி வேலையும் பார்த்தவன். அதனால் இந்தச் சொல்லை நாளைக்கு வாயால் சொல்லப் போகிறவர்கள் யார் என்று மட்டும் தெரியும்.

இழையைத் தொடங்கிய சகோதரி கேட்டது இது:

> இளங்குதிரைகளின் தாவும் திறமையை மதிப்பிடும் தாளைத் தமிழாக்குகிறேன். தடையின் மேல் குதிரையின் உடல் வளைவதை பாஸ்க்யூல் என்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் தூக்குப் பாலம் என்று வருகிறது. குழப்பமாக இருக்கிறது.

அகராதி தப்பு சொல்லவில்லை. அது பிரெஞ்சுச் சொல். சிறுவர் பூங்காவில் இருக்கும் சீசாப் பலகைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். ஒரு முனை தாழ மறுமுனை எழும் எதற்கும் அந்தச் சொல்லைப் போடுவார்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பலுக்காக இரண்டு பக்கமும் மேலே எழுந்து வழிவிட்ட பகுதி இருந்ததே, அதுவும் பாஸ்க்யூல் வகைதான். குதிரை தடையைத் தாண்டும்போது முதலில் முன்பாதி எழும்பும், பின்பாதி தாழ்ந்திருக்கும். உச்சியைக் கடந்ததும் முன்பாதி இறங்கும், பின்பாதி எழும்பும். சீசாதான். ஆனால் காலப்போக்கில் குதிரைக்காரர்கள் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, உச்சியில் தெரியும் வடிவத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். கழுத்து முன்னும் கீழுமாக நீள, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு உடம்பிலேயே உயரமான இடமாக நிற்க, மூக்கிலிருந்து வால் வரை ஒரே வளைவு. அதைப் பார்த்தால்தான் ‘நல்ல பாஸ்க்யூல்’ என்பார்கள்.

ஆகவே சீசாவையும் துலாவையும் பிடித்துக்கொண்டு போக வேண்டாம் என்பது என் கருத்து. கோவை நண்பர் சொன்ன ‘துலாத்தாவல்’ சொல்லின் வேரை மொழிபெயர்க்கிறது, இன்றைய பொருளை விட்டுவிடுகிறது.

பேராசிரியர் ஐயா எழுதியது:

> வாவுதல் என்றால் தாவுதல். வாம்பரி, பாய்மா என்று குதிரைக்கே தாவலை வைத்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. ‘வாவுவில்’ என்று சொன்னால் என்ன?

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் லாயத்தில் இதைச் சொன்னால் வவ்வாலா என்று கேட்பார்கள். ‘வாவு’ இன்றைக்குப் பேச்சில் இல்லை. செத்த சொல்லை எழுப்பலாம், நானும் எதிரி இல்லை. ஆனால் ஓடுகிற குதிரையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் கத்திச் சொல்ல வேண்டிய சொல் இது. கேட்டதும் புரிய வேண்டும்.

இப்போது வில்முதுகு. இதில் எனக்கு இரண்டு சிக்கல். பிறவியிலேயே முதுகு மேடிட்டிருக்கும் குதிரைகள் உண்டு. வில்முதுகு என்றால் அந்த உடலமைப்பைத்தான் எந்தக் குதிரைக்காரரும் நினைப்பார். அது குறை, நாம் பேசுவதோ ஒரு நொடி நேரச் செயல். இரண்டாவது, அது பெயர்ச்சொல்லாகவே உட்கார்ந்துகொள்கிறது. ‘இந்தக் குதிரை நன்றாக வில்முதுகுகிறது’ என்று யாராவது சொல்ல முடியுமா?

மதிப்பிடுபவருக்கு வேண்டியது வினை, அதற்கு எதிர்வினையும் வேண்டும். நெதர்லாந்தின் கே.டபிள்யூ.பி.என். இனப்பதிவுச் சங்கத்தார் இளங்குதிரையை மதிப்பிடும் முறையைப் பார்த்தால் இது புரியும். அவர்கள் வெறுமனே மதிப்பெண் போடுவதில்லை. ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு கோடு, கோட்டின் இரண்டு முனையிலும் எதிரெதிர்ச் சொற்கள். எழும்பும் திசை மேல்நோக்கியா முன்நோக்கியா, பின்கால் திறக்கிறதா மூடியே இருக்கிறதா என்று போகும். முதுகுக்கான கோட்டில் ஒரு முனை வட்டம், மறுமுனை குழி. ஆக, நாம் கண்டுபிடிக்கும் சொல் ‘குழி’க்கு எதிரில் நிற்க வேண்டும்.

நான் முதலில் நினைத்தது ‘கவிவு’. கிளை வாசல்மேல் கவிந்திருக்கிறது, இருள் கவிந்தது என்கிறோமே, அந்தக் கவிதல். தடையின் மேல் கவிந்து இறங்குகிறது குதிரை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இந்த மடலையே அதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். அனுப்பும் முன் பழைய லாயத்து அண்ணன் ஒருவருக்குப் போன் செய்து, “அந்தச் சிவப்புக் குதிரை நல்லாக் கவிந்து தாவுச்சு” என்று சொல்லிப் பார்த்தேன். மறுமுனையில் பதற்றம். “கவுந்துடுச்சா? மேல இருந்த பிள்ளைக்கு அடியா?” என்றார். தடையில் முன்கால் மாட்டி, குதிரை தலைகுப்புறக் கவிழ்வதுதான் இந்த விளையாட்டிலேயே ஆகப் பெரிய பயம். அதற்கு ஒரு எழுத்து தள்ளி ஒரு பாராட்டுச் சொல்லை வைப்பது சரியில்லை. கவிவை அங்கேயே கைவிட்டேன்.

அப்புறம் தோன்றியதுதான் ‘குவி’. பள்ளியில் படித்த குவிலென்ஸ், குழிலென்ஸ் ஞாபகம் இருக்கும். மேடாக வளைந்தது குவி, பள்ளமாக வளைந்தது குழி. இணைச்சொற்கள் ஏற்கெனவே நம் பாடநூலில் கிடக்கின்றன. குவிதாவல், குழிதாவல். வினையாகவும் ஓடும்: ‘முதுகு குவிந்து தாவுகிறது’, ‘உயரம் கூடியதும் முதுகு குழிந்துவிட்டது’. அண்ணனிடம் மறுபடி போன் செய்தேன். ஒரு தடவைதான் விளக்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்து அக்கா ஒரு கேள்வி கேட்டிருந்தார்:

> வளைவு அழகுக்காகவா, உண்மையிலேயே பயன் உண்டா? பயனைத் தெரிந்தால் சொல்லும் தெளிவாகும்.

நல்ல கேள்வி அக்கா. பயன் உண்டு. கால் தரையை விட்ட பிறகு உடலின் எடைமையம் போகும் பாதையைக் குதிரையால் மாற்ற முடியாது, எறிந்த கல் மாதிரிதான். அந்தப் பாதைக்குள் உடம்பை எப்படி அடுக்குவது என்பது மட்டுமே அதன் கையில், சரி, காலில் இருக்கிறது. முதுகைக் குவித்தால் உடம்பு பகுதி பகுதியாகக் கம்பத்தைக் கடக்கும். தோள் எழும்பி முன்கால் மடங்க இடம் கிடைக்கும், பின்பாதி பின்னால் திறந்துகொள்ளும். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி முதுகைக் கம்பத்தின் மேல் வளைத்து உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். குதிரை வயிறு கீழே இருக்கத் தாண்டுகிறது, அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு தாண்டினார். முதுகு குழிந்த குதிரை தலையை ஒட்டகம்போல் தூக்கிக்கொண்டு போகும், கால்கள் கீழே தொங்கும், அதே உயரத்துக்கு அதிக வலு செலவாகும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குவிதாவல் இருந்தால் பிறவித் தாவல்குதிரை, இல்லாவிட்டால் இல்லை என்று தாளில் வந்துவிடக் கூடாது. இழையில் எல்லோரும் இந்த ஒரு சொல்லின் பின்னாலேயே ஓடுகிறோம். அந்தத் தாளில் இதைவிடக் கனமான இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்றை ஆங்கிலத்தில் ஸ்கோப் என்கிறார்கள், மற்றொன்றை கேர்ஃபுல் என்கிறார்கள். தாளின் முன்வரைவில் முதலாவதைத் ‘தாவுதிறன்’ என்றும் இரண்டாவதைக் ‘கவனம்’ என்றும் போட்டிருக்கிறது. இரண்டுமே எனக்கு உவப்பில்லை.

ஸ்கோப் என்பது தாவிய உயரத்தைச் சொல்லவில்லை. தாவிய பிறகும் உள்ளே எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. மூன்று வயதுக் குதிரையை யாரும் ஏறாமல், கொட்டகைச் சுவரோரமாக அமைத்த சந்துக்குள் ஓடவிட்டு, சின்னக் குறுக்குத் தடை, நேர்த்தடை, கடைசியில் அகலத்தடை என்று தாவவிட்டுப் பார்ப்பார்கள். 1.20 மீட்டரை இரண்டு குதிரை தாண்டும். ஒன்று அடித்துப் பிடித்துத் தாண்டும். மற்றொன்று அதே எட்டில், அதே தாளத்தில், கேண்டர் என்கிற நிதானமான பாய்ச்சல் ஓட்டத்தின் ஓர் எட்டைச் சற்றே பெரிதாக வைத்ததுபோல் கடந்து போகும். பார்க்கிற நமக்கே ‘இன்னும் அரை மீட்டர் ஏற்றினாலும் போகும்’ என்று தோன்றும். ஒலிம்பிக் தடைகள் 1.65 மீட்டர் வரை போகும். அந்தப் பாக்கி இல்லாத குதிரை அங்கே நிற்காது. டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இதற்குப் போடும் சொல்லுக்குத் திறன் என்றும் பொருள், சொத்து என்றும் பொருள். நம்மிடம் ‘இருப்பு’ இருக்கிறது. கையிருப்பு, வங்கியிருப்பு மாதிரி. ‘இருப்புள்ள குதிரை’, ‘1.30-லேயே இருப்பு தீர்ந்துவிட்டது’. ‘காலிருப்பு’ என்று சொல்ல ஆசைப்பட்டேன், ‘காலி’ என்று காதில் விழுவதால் விட்டுவிட்டேன்.

உருவத்தைப் பார்த்து இருப்பைக் கணிக்க முடியாது என்பதையும் தாளின் குறிப்பில் சேர்க்கலாம். அதே மெக்சிகோ ஒலிம்பிக்கில் மேரியன் கோக்ஸ் தனிநபர் வெள்ளி வென்றது ஸ்ட்ரோலர் என்ற போனியின் மேல். அதன் உயரம் 1.45 மீட்டர்தான். 1988-இல் சியோலில் பியர் துராந்துக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த ஜாப்லூவும் சின்ன உருவம். அதன் தந்தை வண்டியிழுத்து ஓடும் டிராட்டர் வகை. 1949 பிப்ரவரி 5 அன்று சிலியில் வினா டெல் மாரில் கேப்டன் அல்பெர்த்தோ லாராகிபெல் 2.47 மீட்டர் தாண்டிய குதிரை வாசோ, பந்தயத்தில் தேறாத பழைய ரேஸ் குதிரை. அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது.

அடுத்தது ‘கவனம்’. கவனம் என்றால் நமக்குப் பாடம் கேட்கிற பிள்ளை நினைவுக்கு வருகிறது. குதிரையிடம் தேடுவது அதை இல்லை. கம்பம் காலில் பட்டால் அதற்குப் பிடிக்கக் கூடாது. ஒரு தடவை பட்டால் அடுத்த தடவை ஒரு சாண் கூடுதலாகக் காலைத் தூக்க வேண்டும். ஒரு கம்பம் விழுந்தால் 4 தண்டப்புள்ளி, போட்டி அங்கேயே கைநழுவிவிடும். எவ்வளவு இருப்பு இருந்தாலும், பட்டால் படட்டும் என்று போகும் குதிரை கம்பத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இதற்குத் தமிழில் ‘கூச்சம்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் தொட்டால் கூசுகிறதே, அதுதான். ‘கம்பக்கூச்சம்’ என்று வைக்கலாம். வெட்கம், பயம் என்ற நிழலும் சொல்லில் இருக்கிறது, அதுவும் நல்லதற்கே. கூச்சம் மிஞ்சினால் அது தடையின் முன்னால் நின்றுவிடும் குதிரையாகும். எந்த அளவுக்கு மேல் குறை என்பதை அந்தச் சொல்லே உணர்த்திவிடுகிறது.

எங்கள் பள்ளியில் ஒரு பெண்குதிரை இருந்தது. மதியப் புல்லுக்கு நேரமானால் வேலியைத் தாண்டி வந்து நிற்கும். பிறவித் தாவல்குதிரை என்று நாங்கள் எல்லோரும் சத்தியம் செய்தோம், நான்தான் அதிகமாகச் சத்தம் போட்டவன். தடைக்குப் பழக்கினால் முதுகு பள்ளம், கால் தொங்கல், கம்பத்தைத் தட்டினாலும் காது அசையாது. புல் இருந்தால்தான் தாவும்! ஆனால் வேலி தாண்டுவதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 1956-இல் அமெரிக்காவில் ஹாரி டிலேயர், கறிக்கடை லாரியில் ஏற்றியிருந்த ஒரு உழவுக்குதிரையை 80 டாலருக்கு வாங்கினார். பிறகு பக்கத்து ஊர் மருத்துவருக்கு விற்றார். அது வேலிக்கு மேல் வேலி தாண்டி டிலேயர் வீட்டுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த ஸ்னோமேன்தான் 1958-இலும் 1959-இலும் நாட்டின் தலைசிறந்த தாவல்குதிரை. எங்கள் குதிரை புல்லுக்காக வந்தது. ஸ்னோமேன் எதற்காக வந்தது என்பதைத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதற்கு ‘மனசு’ என்றே ஒரு வரி சேர்க்கச் சொல்லி சகோதரியைக் கேட்டுக்கொள்கிறேன். கலைச்சொல் எதுவும் தேவையில்லை.

ஆக என் பரிந்துரை: குவிதாவல் × குழிதாவல், இருப்பு, கம்பக்கூச்சம். இவற்றில் கூச்சத்துக்குத்தான் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். வரட்டும். தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம், ஞாயிறு இரவுக்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
லாயத்துக்காரன்

பி.கு.: ஐயா, ‘கவி’ என்றால் குரங்கு என்றும் பொருள் உண்டு என்று நீங்கள் தனிமடலில் சொன்னதைப் பார்த்தேன். நல்லவேளை.