தாத்தாவின் நெகட்டிவ் பெட்டிக்கு எந்த ஸ்கேனர்?

மீனா: சித்தப்பா, தாத்தாவின் நெகட்டிவ், ஸ்லைடு எல்லாம் இப்போது என்னிடம் இருக்கின்றன. 22 மெகாபிக்சல் என்று போட்ட சின்ன ஸ்கேனர் ஒன்று பார்த்தேன். ஒரு படத்துக்கு இரண்டே நொடியாம். வாங்கலாமா?

சித்தப்பா: அவசரப்படாதே மீனா. அந்த மாதிரி ஸ்கேனருக்குள் இருப்பது ஒரு சின்ன கேமரா. பெரும்பாலும் ஜேபெக் என்ற சுருக்கிய படக் கோப்பு மட்டும்தான் தரும், நிறம் பிசகினால் சரிசெய்ய இடமிருக்காது. முதலில் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்.

மீனா: ஓரத்தில் ஓட்டை உள்ள 35 மி.மீ. துண்டுகள்தான் நிறைய. சட்டம் போட்ட ஸ்லைடுகள். அப்புறம் ஓட்டையே இல்லாத அகலமான கறுப்பு வெள்ளை கொஞ்சம்.

சித்தப்பா: அது 120 ஃபிலிம். அப்பா அதில்தான் முதலில் எடுத்தார்.

ரவி: அப்படியென்றால் எப்சன் வி600 தட்டை ஸ்கேனர் வாங்கிவிடலாமே? இரண்டு அளவும் போகும். 6400 டிபிஐ வேறு, அதாவது ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி.

சித்தப்பா: 6400 என்பது அட்டையில் உள்ள எண், ரவி. சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 1600-ஐ ஒட்டித்தான். 35 மி.மீ. படம் 24 × 36 மி.மீ. தானே, 1600-இல் மூன்றரை மெகாபிக்சல்கூட வராது. 120-இன் 6 × 6 செ.மீ. சதுரத்துக்கு அதே ஸ்கேனர் 12 மெகாபிக்சல் தரும், அதற்கு நன்றாகப் போதும்.
35 மி.மீ.க்கென்றே உள்ள ப்ளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் ஸ்கேனரைப் பாருங்கள். அதிலும் 7200 என்று போட்டிருக்கும், உண்மையில் 3000-க்குச் சற்று மேல். ஆனால் அது 13 மெகாபிக்சலுக்குக் குறையாது. 3600-இல் வைத்தால் போதும். 7200-இல் 48 பிட் நிறத்தோடு, சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஒரு படமே 400 எம்பி ஆகிவிடும், பலன் ஒன்றுமில்லை.

மீனா: 8100, 8200ஐ என்று இரண்டு மாடல் காட்டுகிறதே?

சித்தப்பா: 8200ஐ-யில் அகச்சிவப்புக் கதிர் உண்டு. தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும். கலருக்கு அது பெரிய உதவி, அதனால் அதையே வாங்கு. கறுப்பு வெள்ளைக்கு மட்டும் அணைத்துவிடு. அந்த ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான், கதிரை அது மறைத்துவிடும். படத்தையே தூசி என்று எண்ணி அழித்து வைக்கும். ஸ்லைடு சட்டத்தில் கோடாக்ரோம் என்ற பழைய ஃபிலிமின் பெயர் இருந்தாலும் கவனம் தேவை, அதிலும் இந்தத் தூசி நீக்கம் பிசகலாம்.

அத்தை: எவ்வளவு நாள் ஆகும் தம்பி? அம்மா சிரிக்கிற படம் ஒன்று அதில் இருக்கிறது, பிரிண்ட் தொலைந்துபோய்விட்டது.

சித்தப்பா: நேரம் ஆகும் அக்கா. ஒவ்வொரு படமாகக் கையால் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து முதலில் பொறுக்கி எடுப்போம். அம்மா படம்தான் முதல்.

ரவி: 120-ஐ என்ன செய்வது? கொஞ்சத்துக்காக இன்னொரு ஸ்கேனரா?

சித்தப்பா: உன் கேமராவுக்கு மிகக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் இருக்கிறதே. சீரான வெள்ளை ஒளிப்பலகை மேல் வைத்து, ஸ்டாண்டில் நேராகப் பொருத்தி எடு. செல்போன் திரையை ஒளிக்கு வைக்காதே, அதன் புள்ளிகள் படத்தில் தெரியும்.

ரவி: சரி, அது என் பொறுப்பு.

மீனா: சித்தப்பா, ஒரு கவரைத் திறந்தால் வினிகர் வாசனை வருகிறது.

சித்தப்பா: ஐயோ, ஃபிலிம் அடித்தளம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அதை மற்றவற்றோடு வைக்காதே, பக்கத்தில் இருப்பதும் கெடும். சுருண்டுபோகும் முன் அதை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அக்கா, அம்மா படம் இரண்டாவதாக வரட்டுமா?

அத்தை: அந்தக் கவரில் என்ன இருக்கிறது என்று முதலில் பார் மீனா. அம்மா படம் அதிலேயேகூட இருக்கலாம்.

மீனா: பார்க்கிறேன் அத்தை. பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்கிறேன். ஸ்கேனரை இன்றே ஆர்டர் செய்கிறேன்.